திம்மராயனின் கப்பல் சட்டம்

எங்கள் வட்டாரத்தில் கப்பலைக் கண்ணால் கண்டவன் திம்மராயன் ஒருவன்தான். ஆகவே அவன் கப்பல் ஓட்டியவன் என்பதில் ஊருக்குச் சந்தேகம் எழவில்லை. சென்னையிலிருந்து பினாங்கு போகும் பயணிகள் கப்பலில், அடித்தளத்துச் சமையலறையில் அவன் தட்டுக் கழுவினான். கடலைவிடச் சோப்பு நுரையைப் பார்த்ததுதான் அதிகம். இதை அவன் மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை.

கிருஷ்ணகிரிக்கு மேலே தென்பெண்ணையில் அணை கட்டி நீர் தேங்கிய வருஷம் அவன் ஊர் திரும்பினான். சந்தைக்குப் போகும் வண்டிப்பாதை தண்ணீருக்குள் போயிருந்தது. அணை வேலை முடித்துக் கிளம்பிய கான்டிராக்டரின் தட்டைப் படகைப் பஞ்சாயத்து வாங்கியது. பரிசல்காரர்கள் இருந்தார்கள். ஆனால் கப்பல்காரனே ஊரில் இருக்கும்போது பரிசல்காரனுக்கா கொடுப்பது? பஞ்சாயத்துத் தலைவர் நாராயணப்பன் திம்மராயனைக் கூப்பிட்டார். ரெண்டு சந்தை ஓட்டிக் காட்டு, சரியாயிருந்தால் படகு உனக்கு, இல்லாவிட்டால் பழையபடி என் கொல்லைக்குக் கூலிவேலைக்கு வந்துவிடு என்றார். அவன் மனைவி கெம்பம்மா அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போய், இனிக் களையெடுக்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவனுக்குப் பின்வாங்க வழியில்லை.

முதல் சந்தையன்று நாராயணப்பனும் மற்ற நிலக்காரர்களும் படகின் ஒரு பக்கப் பலகையில் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய புளிக்கூடைகளைச் சுமந்து வந்த கூலியாட்கள் அத்தனை பேரும் மறுபக்கம். கலந்து உட்கார்ந்து தோள் பட்டுவிட்டால் நிலக்காரர்கள் வீடு திரும்பித் தலை முழுக வேண்டும். கூலியாட்கள் பக்கம் படகு சாய்ந்தது, தண்ணீர் உள்ளே வந்தது. ஆட்களை மாற்றி உட்கார வைக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கல் ஏற்றலாம் என்று எல்லோருக்கும் தோன்றியது. நிலக்காரர்களின் காலடியில் கருங்கல் ஏறியதும் படகு நிமிர்ந்தது. அந்தக் கனத்துக்கு ஈடாகப் பாதிக் கூலியாட்கள் கூடைகளோடு இறங்க வேண்டியதாயிற்று. கல் கட்டணமில்லாமல் அக்கரை போய்த் திரும்பியது. நாராயணப்பன் நேரத்தோடு சந்தை சேர்ந்தார். அவருடைய புளி மறுநடையில் போய்ச் சேர்ந்தபோது வியாபாரிகள் வண்டி கட்டிவிட்டார்கள்.

நான் அந்த ஊரை விட்டுக் கடல் கடந்து வந்து இத்தனை காலமாகியும், எந்தப் படகில் கால் வைத்தாலும் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.

அடுத்த சந்தையன்று காலையில் ஊரே கரையில் நின்றிருந்தது.

"கப்பல் ஓட்டினவன்னு நம்பிக் குடுத்தன்" என்றார் நாராயணப்பன். "ஒரு கூடை புளிய அக்கரை சேக்கத் துப்பில்ல. படகைப் பரிசல்காரங்கிட்ட உட்டுட்டுக் கொல்லைக்கு வந்து சேருடா."

கூட்டத்தில் கெம்பம்மாவும் நின்றிருந்தாள். திம்மராயன் அவள் பக்கம் பார்க்காமல் சொன்னான்:

"கல்லு ஏத்தினது தப்புங்க எசமான். கப்பல்ல வெள்ளைக்காரக் கேப்டன் ஆளப் பாத்து உக்கார வெக்க மாட்டான், எடையப் பாத்துதான் வெப்பான். கனமானவங்க நடுவுல. மத்தவங்க ரெண்டு பக்கமும் சரிபாதி. அது கப்பல் சட்டமுங்க."

"கவர்னரே ஏறினாலுமா?"

"கவர்னரே ஏறினாலுங்க. கனமா இருந்தா அவரும் நடுவுலதான்."

நாராயணப்பன் தம் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அங்கே அவரைவிடக் கனமானவர் யாருமில்லை. நடுப்பலகையில் போய் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்ற நிலக்காரர்களும் இரு பக்கமாகப் பிரிந்தார்கள். இடையிடையே கூலியாட்கள், முழங்காலோடு முழங்கால் இடிக்க. கல் கரையிலேயே கிடந்தது.

அன்று புளி நல்ல விலைக்குப் போயிற்று. நாராயணப்பன் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கப்பல் சட்டத்தை விளக்கினார். திம்மராயன் சொல்லாத இரண்டு பிரிவுகளும் அதில் சேர்ந்துகொண்டன. படகு அவனுக்கே என்று சந்தையிலேயே அறிவித்துவிட்டார்.

திரும்பிவந்து கரை தொட்டதும் கூலியாட்கள் வழக்கம்போல் இறங்கி ஒதுங்கி நின்றார்கள். நிலக்காரர்கள் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகினார்கள்.

எல்லோரும் போனபின் கெம்பம்மா வந்தாள்.

"ஏய்யா, நெசமாவே அப்பிடி ஒரு சட்டம் இருக்குதா?"

"நான் கீழ தட்டு கழுவினவன். மேல யாரு எங்க உக்காந்தாங்கன்னு எனக்கு என்னா தெரியும்?"

"அப்ப கரைக்கும் சேத்து ஒண்ணு சொல்லியிருக்கலாமில்ல?"

திம்மராயன் கிணற்றடிப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு குனிந்து, படகைக் கட்டிய கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினான்.