பற்றிக்கும் பொயிலர் ஓட்டையும்

முற்றத்து வேப்பமரத்தில் தொங்கும் இரும்பு வளையத்துக்குள் பற்றிக் தலையை விடுகிறான். பிறகு ஒரு கை, பிறகு மறு கை. மூச்சை முழுவதும் வெளியே விட்டு, வயிற்றை முதுகெலும்போடு ஒட்டிக்கொண்டு பாம்புபோல் நெளிகிறான். பல்லுத் தீட்டுமுன் இதுதான் அவனுடைய காலைச் செபம். கப்பலின் நீராவிப் பொயிலரில் ஆள் நுழைகிற ஓட்டையின் அளவுக்கு வளைத்த வளையம் அது. அதற்குள்ளால் வந்துவிட்டால் அன்றைக்கு வேலை உண்டு.

துறைமுகத்தில் அவனுடைய தொழில், நெருப்பணைத்த கப்பலின் பொயிலருக்குள் புகுந்து, உட்சுவரில் கல்லாகப் பிடித்த உப்பைச் சுத்தியலால் தட்டி எடுப்பது. உள்ளே இருக்கிற சூட்டுக்கு, அவன் நரகத்துக்குப் போனால் போர்வை கேட்பான். உலகச் சண்டை தொடங்கியதிலிருந்து கப்பல்களுக்கும் ஓய்வில்லை, பற்றிக்குக்கும் ஓய்வில்லை. நடந்தபடியே நித்திரை கொள்வான். ஒருநாள் தபாற்கந்தோர் மதிலில் முட்டி, "குறை நினையாதேங்கோ ஐயா" என்று மதிலிடம் சொன்னான்.

இந்த 1943இல், அரிசி கூப்பனுக்கு வருகிற காலத்தில், திருகோணமலையே மெலிந்துபோய்க் கிடக்கிறது. காகங்கள்கூடக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும் என்று காலில் கல்லைக் கட்டித்தான் பறக்கின்றன. தொந்தி வைத்தவன் ஊரில் பற்றிக் ஒருவன்தான். அதற்குக் காரணம் ஓபி.

ஓபி நைஜீரியாக்காரன். திருத்த வேலைக்காக வந்து நங்கூரமிட்டிருக்கும் சரக்குக் கப்பலில் கரி அள்ளிப் போடுகிறவன். அங்கே பொயிலர் தட்டப் போன பற்றிக்கோடு சிநேகமாகி, அவன் வீட்டுக்கு வந்த முதல் நாளே, பற்றிக்கின் மனைவி ஐவி அவித்து வைத்திருந்த மரவள்ளிக்கிழங்கைக் கண்டு, உலக்கையைக் கையில் எடுத்துவிட்டான்.

"கிழங்கு என்ன குற்றம் செய்தது? ஏன் தம்பி அதைப் போட்டு அடிக்கிறீர்?" என்றாள் ஐவி.

அடிக்க அடிக்கக் கிழங்கு வெள்ளைக் களியாகத் திரண்டது. கப்பலிலிருந்து கொண்டுவந்த சிவப்பு நிறப் பனையெண்ணெயில் சல்லிக் கருவாடும் கீரையும் அரைத்த நிலக்கடலையும் போட்டுக் குழம்பு வைத்தான். களியை உருட்டி, பெருவிரலால் குழி வைத்து, குழம்பை அள்ளி, கடிக்காமல் விழுங்க வேண்டும். அவனுடைய ஊர் வழக்கம் அது. கேள்வி கேட்ட ஐவிதான் சட்டியையும் வழித்தாள்.

அந்தக் கடிக்காத வழக்கம்தான் பற்றிக்கைக் கெடுத்தது.

"கடிச்சுத் திண்டாத்தானே உடம்பிலை ஒட்டும்? இது முழுசாப் போகுது, முழுசா வெளிக்கிடுது" என்று கூட வேலை செய்யும் எங்கள் எல்லோருக்கும் விளக்கம் சொன்னான். சோற்றை அரைக் கோப்பையோடு நிறுத்துவான், தேத்தண்ணிக்குச் சீனி தொடமாட்டான். களியை மட்டும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஓபி தனக்குத் தெரிந்த தமிழில் எச்சரித்தான்: "நான் நிண்டு கரி அள்ளு. நீ படுத்துத் தட்டு. உருண்டை சின்னன். கீரை நிறைய."

பற்றிக் கீரையையும் நிறையச் சாப்பிட்டான், உருண்டையையும் பெருப்பித்தான். வளையம் இறுகத் தொடங்கியபோது, "வெயிலுக்கு இரும்பு சுருங்கிப்போச்சு" என்றான்.

போன கிழமை பொயிலர் ஓட்டையும் சுருங்கிவிட்டது. தலையும் நெஞ்சும் உள்ளே, தொந்தி ஓட்டையில், கால்கள் வெளியே.

"டேய் பற்றிக், பொயிலருக்கு மூடி போடச் சொன்னது ஆரடா?" என்றார் கங்காணி ஞானசேகரம்.

"இழுங்கோ ஐயா! மூச்சு விட ஏலாது!" என்று உள்ளிருந்து எதிரொலி வந்தது.

தேங்காயெண்ணெய் பூசி, தேர் இழுப்பதுபோல் இழுத்தோம். வெளியே வந்து விழுந்தவனிடம் கங்காணி சிரிக்காமல் சொன்னார்: "இன்னொருக்கா இறுகினியெண்டால் கரிக் கிடங்குக்குத்தான் அனுப்புவாங்கள். என்னால ஒண்டும் செய்யேலாது."

பற்றிக்குக்கு நெஞ்சு பழுது. மாரியில் அவன் இருமினால் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டு ஓடு அசையும். கரித்தூசிக்குள் ஒரு மாரி தாங்கமாட்டான் என்று டாக்குத்தரும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கீரைத்தண்ணியும் நடையும்தான். இன்று காலை வளையம் மட்டுமட்டாக வழிவிட்டது. நாளை விடிய இன்னொரு கப்பலின் பொயிலர் காத்திருக்கிறது.

இன்று பின்னேரம் ஓபி வந்தான். பனையெண்ணெய்த் தகரத்தை மிச்சத்தோடு ஐவியிடம் கொடுத்தான். விடிய அவனுடைய கப்பல் வெளிக்கிடுகிறது. போன மாதம் அதே பக்கம் போன கப்பலில் அவனுடைய ஊரவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கும் போய்ச் சேரவில்லை. ஓபி கிழங்கை இடித்தான். முடிந்ததும் ஒரே கோப்பையில் களியைக் குவித்து, இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தான்.

"இஞ்சேருங்கோ, விடிய வேலை" என்றாள் ஐவி.

"தெரியும்."

"ஒரு உருண்டையோட நிப்பாட்டுங்கோ."

ஓபி பற்றிக்கைப் பார்த்தான். "சின்னன் உருண்டை" என்று விரலால் அளவு காட்டிச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

பற்றிக் கை கழுவிக்கொண்டு வந்து அவனுக்கு எதிரே சப்பாணி கொட்டி இருந்தான். இடுப்பில் சாரக் கட்டை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினான். பிறகு களியில் ஒரு பெரிய பிடி கிள்ளினான்.