அடுத்த அறைக்கும் கொஞ்சம் குளிர்

“ஒரு அறைக்கு மட்டும் விட்டாக் காணாது, விளங்குதோ? பக்கத்து அறைக்கும் கொஞ்சம் விடவேணும். எல்லாத்தையும் அடைச்சா மெசினுக்கு மூச்சு முட்டிப்போடும்.”

இதை யாரும் கேட்கவில்லை. காஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு நின்றவர் கேட்டது, அதை எங்கே இறக்குவது என்றுதான்.

“குசினிக்கையோ வைக்கிறது, அண்ணை?”

“குசினி எங்கயும் ஓடாது. இஞ்ச வந்து இதை ஒருக்காப் பாருங்கோ.”

கொன்ஸ்ரன்ரைன் சுவரில் பதித்திருக்கும் சின்னப் பெட்டியைக் காட்டுகிறார். நாலு அறைக்கு நாலு விளக்கு. இரண்டு எரிகிறது, இரண்டு அணைந்திருக்கிறது. காட்டுகிற விரல் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளியே நின்றுவிடும், கொதிக்கிற சட்டியைக் காட்டுவதுபோல. வந்தவர் பாரத்தை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு “ஓம், ஓம்” என்கிறார். அவர் போன பிறகும் கொன்ஸ்ரன்ரைன் அந்த இரண்டு விளக்கையும் பார்த்தபடி நிற்கிறார்.

மாதத்தின் முதல் வெள்ளியில், படுக்கையில் கிடக்கிற மனைவிக்கு நற்கருணை கொண்டுவருகிற சுவாமியாருக்கும் இதே பாடம்தான். “போன மாதமும் சொன்னனீங்கள், கொன்ஸ்ரன்ரைன்” என்றார் அவர். “ஓம் சுவாமி, மறந்திருப்பியள் எண்டு சொன்னனான்” என்று சொல்லிவிட்டு, முதலில் இருந்து தொடங்கினார். சுவாமியார் வீட்டில் ஒரு மேசைவிசிறியைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

சிலாவத்தைக் கரையில் இவரை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் சுவாமியார் ஒருவர்தான். மற்ற எல்லாருக்கும் ஐஸ் அண்ணை. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தாலும் வள்ளத்தில் ஏறினால் வாந்தி. தகப்பன் அடித்தும் பார்த்தார், நேர்த்தி வைத்தும் பார்த்தார், சரிவரவில்லை. அதனால் கரையோடு நின்று, மீன்வாடிக் கொட்டிலில் மற்றவர்கள் இறக்குகிற மீனை ஐசில் கட்டுகிற வேலைக்குப் போனார். ஒரு படை ஐஸ், ஒரு படை மீன், அதற்கு மேல் சாக்கு, மூடியின் இடுக்குக்கு ஒட்டுநாடா. லொறி ஏறி வெளியூருக்குப் போகிற பெட்டி இவர் கட்டியது என்றால் முதலாளிமார் திறந்து பார்க்கமாட்டார்கள். ஐஸ் அள்ளி அள்ளி விரல் நுனிகள் வெளிறி மரத்துப் போயின. தேத்தண்ணிக் கோப்பை சுடுகிறதா என்று அறிய இன்றைக்கும் அதைக் கன்னத்தில் வைத்துத்தான் பார்ப்பார்.

குளிரைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அவருடைய வேதம். யாராவது பெட்டி மூடியைச் சும்மா தூக்கிப் பார்த்தால், “மூடடா! குளிர் என்ன உன்ர மாமன் வீட்டுக் கிணத்திலயோ ஊறுது?” என்று ஒரு ஏச்சு விழும்.

மகன் றஜித் சுவிசில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் அடுப்போடு நிற்கிறான். அவன் கட்டியதுதான் இந்த வீடு. பின்சுவருக்கு வெளியே ஒரே ஒரு பெரிய மெசின். சீலிங்குக்கு மேலே ஓடுகிற தடித்த குழாய் நாலாகப் பிரிந்து நாலு அறைக்கும் போகிறது. ஒவ்வொரு கிளையிலும் ஒரு தகட்டுக் கதவு உண்டு. சுவரில் உள்ள பெட்டியில் அழுத்தினால் எந்த அறைக்கு வேண்டுமோ அந்தக் கதவு மட்டும் திறக்கும். தானும், கலியாணம் கட்டிப் போன தங்கச்சியும் பிள்ளைகளோடு வந்து நின்றால் எல்லாருக்கும் அறை வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டினான். வந்து குடியிருந்தது தாயும் தகப்பனும் மட்டுந்தான்.

வீடு குடிபூர்ந்த அன்று, “மீன் நாத்தம் போகட்டும் எண்டு ஆயுள் முழுக்கச் சவுக்காரம் போட்டவர், இப்ப தானே மீனா ஐசுக்கை படுக்கப்போறார்” என்று மனைவி சுசிலா சொல்ல, வந்திருந்த சனம் முழுக்கச் சிரித்தது. சுசிலாவுக்கு வாய் அப்படி. புருசனைப் பகிடி பண்ணாமல் அவ ஒரு பொழுதும் சோறு போட்டதில்லை.

அந்த வாயைத்தான் பாரிசவாதம் முதலில் பிடித்தது. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு போய், “இஞ்ச” என்கிற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. தண்ணி வேண்டும் என்றாலும் இஞ்ச, முதுகு நோகுது என்றாலும் இஞ்ச. படுக்கைப்புண் வராமல் இருக்க உடம்பு வேர்க்கக் கூடாது, அறை குளிர்மையாக இருக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னார்.

குளிர்மை என்றதும் கொன்ஸ்ரன்ரைனுக்குத் தன்னுடைய தொழில் திரும்பி வந்ததுபோல இருந்தது. முதல் வேலையாக மற்ற மூன்று அறைக்கும் போகிற குளிரை அடைத்தார். ஆள் இல்லாத அறைக்கு எதற்கு? தான் விறாந்தையில் பாயைப் போட்டுக்கொண்டார். றஜித் போனில் கத்தினான்.

“ஏனப்பா வெக்கையில கிடக்கிறியள்? எல்லாத்தையும் போடுங்கோவன்!”

“நீ அங்க அடுப்படியில வேகிறாய். உன்ர வேர்வையில நான் இஞ்ச குளிர் காயுறதோ? கொம்மாவுக்கு மட்டும் போதும்.”

பிறகு சுசிலாவின் அறையைப் பெட்டி கட்டுவதுபோலக் கட்டினார். யன்னல் இடுக்குகளுக்கு ஒட்டுநாடா. வெயில் விழுகிற கண்ணாடிக்கு, பழைய மீன்பெட்டியில் இருந்து வெட்டியெடுத்த றெஜிபோம் நுரைப்பலகை. கதவுக்கு அடியில் ஈரச்சாக்கு. சுசிலாவைக் குளிப்பாட்டிச் சோறு தீத்திவிட வருகிற பக்கத்து வீட்டு றஞ்சனி கதவைக் கொஞ்சம் ஆறுதலாக, மெல்லச் சாத்தினால், “பிள்ளை, குளிர் போகுது, குளிர் போகுது!” என்று விறாந்தையில் இருந்து சத்தம் வரும். “உங்கட குளிரைக் கட்டிப் போடுங்கோ அண்ணை, ஆட்டைக் கட்டுற மாதிரி” என்பாள் அவள். உள்ளே கட்டிலில் சுசிலாவின் இடப்பக்கத்து உதடு மட்டும் சிரிக்கும்.

கொஞ்ச நாளில் பின்சுவரில் மெசினுக்கு வருகிற செம்புக் குழாயில் ஐஸ் பிடிக்கத் தொடங்கியது. முதலில் பனிபோல. பிறகு விரல் தடிப்பத்துக்கு வெள்ளையாக. வேறு ஒருவர் என்றால் பயந்திருப்பார். கொன்ஸ்ரன்ரைனோ அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்து, “இப்பதான் மெசின் சரியா உழைக்குது. குளிர் உள்ளுக்கு நிறைஞ்சு வெளியால வழியுது பாருங்கோ” என்றார். ஆயுள் முழுக்க ஐசோடு இருந்தவர் சொல்கிறார், யார் மறுத்துக் கதைப்பார்கள்?

கச்சான் காற்று அனலாக அடித்த ஒரு நாள் கரைவலையில் பாரைமீன் அள்ளுப்பட்டது. அப்படி ஒரு மீன்பாடு கரைக்கு வந்து கனகாலம். ஐஸ் காணாது, கட்ட ஆள் இல்லை, ஐஸ் அண்ணையைக் கூட்டிவாங்கோ என்று ஒருவன் மோட்டார்சைக்கிளில் வந்து நின்றான். றஞ்சனி குளிப்பாட்டி முடித்துத் தன் வீட்டுக்குப் போயிருந்தாள். கொன்ஸ்ரன்ரைன் சுசிலாவின் அறையை எட்டிப் பார்த்தார். அவ நித்திரை. கதவைச் சாத்தி, சாக்கை நனைத்து அடியில் இறுக்கிவிட்டு, “இந்தா வாறன்” என்று மூடின கதவுக்குச் சொல்லிவிட்டு ஏறிப்போனார்.

கரையில் அவருக்குப் பழைய காலம்போலவே இருந்தது. சத்தம் போட்டார், ஏசினார், பெட்டி பெட்டியாகக் கட்டினார். வெயில் உச்சியில் இருந்து சரிந்ததைக் கவனிக்கவில்லை.

அந்த நேரத்துக்குள் உள்ளே ஐஸ் இறுகிக் காற்று வருகிற வழியை முழுக்க அடைத்து, மெசின் நின்றுவிட்டது. கொங்கிறீற் கூரையின் சூடு அறைக்குள் இறங்கியது. இறங்கின சூடு வெளியே போக அவர் ஒரு இடுக்கும் விட்டுவைக்கவில்லை. அவர் வந்து கதவைத் திறந்தபோது வெக்கை முகத்தில் அடித்தது. சுசிலா கண்ணைத் திறந்தபடி கிடந்தா. நாக்கு வறண்டு உதட்டோடு ஒட்டியிருந்தது. இடக்கையால் பிறாண்டிப் பிறாண்டிக் கட்டில் விரிப்பு நிலத்தில் கிடந்தது. அவ எத்தனை தரம் “இஞ்ச” என்று கூப்பிட்டிருப்பா என்பது அந்த அறைக்கு மட்டுந்தான் தெரியும்.

ஆசுப்பத்திரியில் இருந்து உயிரோடு கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லும் திரும்பி வரவில்லை.

மெசினைப் பார்க்கக் கிளிநொச்சியில் இருந்து திலீபன் என்கிற பொடியன் வந்தான். குழாயைத் தடவிப் பார்த்தான். சுவர்ப்பெட்டியைப் பார்த்தான். யன்னலில் இருந்த ஒட்டுநாடாவைக் கனநேரம் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

“ஐயா, இது நாலு அறைக்கு அளவான மெசின். ஒரு அறைக்கு மட்டும் விட்டா அதுக்குக் காத்து ஓட்டம் காணாது. குழாய் உறைஞ்சுபோம்.”

“கரண்டை மிச்சம் பிடிப்பம் எண்டு, தம்பி…”

“கூடத்தான் இழுத்திருக்கு ஐயா. மூச்சடைச்சுக்கொண்டு ஓடினா அதுவும் களைக்குந்தானே. இரண்டு அறைக்கு விட்டு, குளிரைக் கொஞ்சம் குறைச்சு வைச்சிருந்தால் இதைவிடக் குறைவா முடிஞ்சிருக்கும்.”

கொன்ஸ்ரன்ரைன் கதிரையில் இருந்தார். “பெட்டிக்கை கிடக்கிற மீன் மூச்சு விடாதெல்லோ, தம்பி” என்றார். “அதை நான் யோசிக்கேல்லை.”

திலீபன் யன்னலடிக்குப் போனான். ஒட்டுநாடாவை எல்லாம் அவனே உரித்தெடுத்துச் சுருட்டிக்கொண்டு போனான். றஜித் அன்று போனில் ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். “அப்பா, இனி அந்தப் பெட்டியைத் தொடாதைங்கோ. நான் இஞ்சயிருந்து போனால பாத்துக்கொள்ளுவன்” என்றான், அவ்வளவுதான். இப்போது சுசிலாவின் அறை எவ்வளவு குளிர வேண்டும் என்பதைச் சுவிசில் இருந்து மகன்தான் தீர்மானிக்கிறான். இங்கே யாரும் தொடாமலே சுவர்ப்பெட்டியில் குளிர் அளவு காட்டுகிற இலக்கம் மாறும். கொன்ஸ்ரன்ரைன் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அதைவிடப் பெரிய தண்டனை வேறு. ஆசுப்பத்திரியால் வந்த நாளில் இருந்து அவர் அறைக்குள் கால் வைத்தால் சுசிலா கண்ணை மூடிக்கொள்ளுகிறா. அவர் கரண்டியை நீட்டினால் வாய் திறக்காது. றஞ்சனி நீட்டினால் திறக்கும். “நித்திரைக் குணத்தில இருக்கிறா அண்ணை” என்று றஞ்சனி சமாளிப்பாள். நித்திரை அல்ல என்பது அவருக்குத் தெரியும். நாற்பது வருசம் கூடப் படுத்தவருக்கு அவ நித்திரை கொள்ளுகிற மூச்சுத் தெரியாதா?

ஆகவே அவர் பக்கத்து அறையில் இருக்கிறார். திலீபன் சொன்னபடி எப்போதும் குளிர் திறந்துகிடக்கிற அறை. றஜித்துக்கும் பெண்சாதிக்கும் என்று வைத்தது. அவர்களுக்கு இப்போது ஒரு பெட்டைக்குஞ்சு பிறந்திருக்கிறது. நத்தார்ப் பண்டிகைக்குக் கொண்டுவருகிறோம் என்று சொன்னதும் அவரே முல்லைத்தீவுக்குப் போய் ஒரு தொட்டில் வாங்கிவந்து போட்டார். ஆள் இல்லாத அறைக்குக் குளிர் போவது இன்னும் அவருக்குப் பொறுக்காது. வீணாகாமல் இருக்கத் தானே போய் இருக்கிறார். குளிர் முழங்காலுக்கு ஆகாது, வெளிநாட்டுக் கம்பளிச் சட்டையைப் போட்டு, காதை மறைத்துத் துவாயும் கட்டிக்கொண்டு, வெற்றுத் தொட்டிலுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார். போனில் குஞ்சின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். “மூக்கு என்ர மனுசியின்ர. சத்தியமா மனுசியின்ரதான்” என்று, யாரும் இல்லாத அறைக்குச் சொல்லுவார். றஞ்சனியிடம் அந்தப் போனைக் கொடுத்து அனுப்புவார், சுசிலாவுக்குக் காட்டச் சொல்லி. “பாத்தவவோ?” என்று கேட்பார். “பாத்தவ.” “சிரிச்சவவோ?” றஞ்சனி வேறு கதைக்குப் போய்விடுவாள்.

இன்று காலையும் அப்படித்தான். றஞ்சனி கஞ்சி தீத்திவிட்டு, படத்தைக் காட்டிவிட்டு, போனைச் சுசிலாவின் இடக்கைக்குப் பக்கத்தில் மறந்துபோய் வைத்துவிட்டுக் குசினிக்குப் போயிருந்தாள். சுசிலாவின் அறைப் பக்கத்துச் சுவரில் ஒரு சத்தம் கேட்டது. தட்டுகிற சத்தம். நின்று, மறுபடியும் கேட்டது. கொன்ஸ்ரன்ரைன் துவாயை அவிழ்த்துக் காதைச் சுவரில் வைத்தார். பிறகு எழும்பி வெளியே வந்தார். றஞ்சனியும் சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“கூப்பிடுறது உங்களையோ என்னையோ தெரியாது அண்ணை” என்றாள். “போங்கோவன்.”

கதவு பாதி திறந்துதான் இருந்தது. கலியாணம் கட்டிய நாளில் இருந்து அவ இருக்கிற அறைக்குள் போக அவர் கேட்டதே இல்லை. அவர் வாசற்படியில் நின்று, கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக் கேட்டார்:

“சுசி, நான் உள்ளுக்கு வரட்டோ?”