அடைப்பு டாக்டரும் என் சுங்கானும்

என் கொழுந்தியாளைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அடைப்பு டாக்டர் என்றுதான் சொல்வார்கள். டாக்டரெல்லாம் இல்லை. ஒரு பல் மருத்துவமனையில் இருபத்திரண்டு வருஷமாகக் கருவிகளைக் கழுவி, ஆவியில் வைத்து எடுத்து அடுக்குகிறவள். ஆனால் அடைத்துக்கொண்ட எதையும் அவளால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஸ்டவ் பர்னர், சென்ட் பாட்டில், பூவாளி, எதிர்வீட்டுக்காரரின் காது மெஷின், எல்லாம் அவள் மேஜைக்கு வந்து சரியாகிப் போயிருக்கின்றன. கூலி என்று ஒரு பைசா வாங்கமாட்டாள்.

அவளிடம் ஒரு கோளாறும் உண்டு. பொய் வராது. ஊசி போடும்முன் "வலிக்குமா?" என்று கேட்பவர்களிடம் மற்றவர்கள் "எறும்பு கடிச்ச மாதிரி" என்பார்கள். இவள், "வலிக்கும். பத்து எண்ணுங்க, போயிடும்" என்பாள். டாக்டர் திட்டித் தீர்த்தார். பிறகு நோயாளிகளே "அந்தம்மா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு வர ஆரம்பித்ததும் மனிதர் வாயை மூடிக்கொண்டார்.

இப்பேர்ப்பட்டவள் கையில்தான் போன சனிக்கிழமை என் மானம் போய்ச் சிக்கியது.

முப்பது வருஷமாக, பைப் என்கிறார்களே, அந்த மரச் சுங்கானில் புகை பிடித்தவன் நான். மகள் உண்டாகியிருப்பது தெரிந்த அன்று, "புகை பிடிச்ச கையால என் குழந்தையத் தொடக்கூடாதுப்பா" என்று சொல்லிவிட்டாள். சத்தியம் செய்து சுங்கானை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். ஒன்பது மாதம் திரும்பிப் பார்க்கவில்லை. பேத்தி பிறந்து நாற்பது நாள் ஆகிறது. வெளியூர், போனில்தான் முகம் பார்த்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வருவதாக மகள் சொல்லியிருந்தாள்.

அதற்கு முந்தின புதன்கிழமைதான் புத்தி பிசகியது. உங்களிடம் மறைப்பானேன்? மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து, கூட வேலை செய்கிறவன் கொடுத்த புகையிலையில் ஒரு சிட்டிகையைத் திணித்தேன். கண்ணாடி கூடப் போடவில்லை, அவ்வளவு அவசரம். பற்றவைத்து இழுத்தேன். வரவில்லை. கன்னம் ஒட்ட இழுத்தேன். ம்ஹும். வெறுத்துப்போய் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். சட்டைப் பையில் ஒட்டியிருந்த தூளை மட்டும் மறந்துவிட்டேன்.

"பிடிச்சீங்களா இல்லையா?" என்றாள் மனைவி, சட்டையை என் மூக்கருகே நீட்டி.

"ஒரு வாய்ப் புகை கூட உள்ள போகல" என்றேன். உண்மைதானே?

அவள் நம்பவில்லை. சனிக்கிழமை மத்தியானம் தங்கையை வரவழைத்துச் சுங்கானைக் கையில் கொடுத்தாள். "சுத்தம் பண்ணிப் பார்த்துச் சொல்லு. பிடிச்சிருந்தா நாளைக்குக் குழந்தைய இவர் கையில குடுக்கமாட்டேன்."



கொழுந்தியாள் சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்தாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். "மாமா, கடைசியா எப்ப சூடாச்சு? சூட்டோட கழட்டினா கழுத்து ஒடிஞ்சிடும்."

"புத..." என்று வந்த வாயை இருமலால் அடைத்தேன்.

வாய்க்குழல் இறுகிப்போயிருந்தது. "வெந்நீர்ல போடேன்" என்றாள் மனைவி. "ஐயோ, மரம் ஊதி வெடிச்சிடும்க்கா." கம்பியால் குத்தலாமே என்றதற்கும் முறைப்புத்தான். பிளாஸ்டிக் பையில் சுற்றி அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தாள். பிறகு கழுத்தை ஒரு கையால் அணைத்துப் பிடித்து, வாய்க்குழலை மெல்லத் திருகித் திருகி இழுத்தாள். கழன்று வந்தது. குழலுக்குள் பஞ்சுக் கம்பி தாராளமாகப் போய் வந்தது. அடைப்பு, புகையிலை திணிக்கிற கிண்ணத்தில்தான்.

மருத்துவமனையில் கழித்துப்போட்ட மொண்ணைக் கொக்கி ஒன்று வைத்திருக்கிறாள். அதை விட்டுச் சுரண்டாமல், வருடுகிற மாதிரி எடுத்தாள். முதலில் என் புகையிலை. அதை ஒரு தாளில் கொட்டினாள். நான் திருடனுக்குத் தேள் கொட்டினது போல உட்கார்ந்திருந்தேன். அதற்குக் கீழே மண். பொறுக்கு பொறுக்காகக் களிமண். இரண்டாம் தாள். அதில் சிலந்திக் கால்கள் வேறு. அடியில் பழைய கரி. மூன்றாம் தாள்.

வெகுநேரம் மூன்றையும் பார்த்தாள்.

"அக்கா, இது குளவிக்கூடு. குஞ்சு சிலந்தியத் தின்னு வளந்து பறந்துபோன காலிக்கூடு. இது கட்டினதுக்கப்புறம் இதுல பொட்டுப் புகை போயிருக்காது."

"அப்படின்னா ஒன்பது மாசமா பிடிக்கலையா?"

"ஒன்பது மாசம்னு எனக்குத் தெரியாது. ஒரு மாசத்துக்குக் குறையாதுன்னு சொல்வேன்."

ஒன்பது என்று சொன்னால் வாயிலிருக்கும் முத்தா உதிர்ந்துவிடும்?

அவள் முதல் தாளைத் தொட்டாள். "ஆனா மண்ணுக்கு மேல புதுப் புகையிலை. நுனி கருகியிருக்கு. மாமா பத்த வெச்சிருக்கார். பிடிக்கல." கொஞ்சம் யோசித்துத் திருத்தினாள். "பிடிக்க முடியல."

மனைவி என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? கோபம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். அவளோ, "குளவி வீட்டுக்குப் போய்த் தீ வெச்சீங்களா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிலந்திக் காலைக் காட்டி மறுபடி சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கையிடம் சொன்னாள்: "நீ அந்த மண்ணை அப்படியே திரும்ப வெச்சு அடைச்சிடு. நமக்கும் நிம்மதி."

"மாட்டேன். அடைப்பு இருந்தா சத்தியத்தைக் காப்பாத்துறது குளவி. எடுத்துட்டா மாமா."

கரியை முழுக்க எடுக்காமல் ஒரு காசு கனத்துக்கு விட்டுவைத்தாள். அதுதான் மரத்துக்குக் கவசமாம். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கழுத்தைத் துடைத்தாள், பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை. மாட்டி, ஊதிப் பார்த்தாள். காற்று விசுக்கென்று போயிற்று. அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுங்கானைக் கொண்டுபோய் அதே ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

ஞாயிறு காலை கண் விழித்ததும் அதைத்தான் பார்த்தேன். பளபளவென்று உட்கார்ந்திருந்தது. வேலைக்குக் கொண்டுபோகும் பையில் அந்தப் புகையிலை இன்னும் அரைச் சிட்டிகை இருந்தது. வாசல்வரை போய்க் குப்பையில் உதறிவிட்டு வந்தேன்.

பதினோரு மணிக்கு மகள் வந்தாள். குழந்தையைப் பார்க்கக் கொழுந்தியாளும் வந்திருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி முழுக்கதையையும் கொட்டிவிட்டாள், குளவி, சிலந்தி உட்பட. மகள் சிரிக்கவில்லை. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இப்ப காத்து போகுதாப்பா?"

"போகுது."

"காலைல ஆசையா இருந்துச்சா?"

இல்லை என்று சொல்ல நாக்கு எழுந்தது. பின்னால் கொழுந்தியாள் நின்றுகொண்டிருந்தாள்.

"இருந்துச்சும்மா. ரொம்ப."

"பிடிச்சியா?"

"இல்ல."

மகள் என் கண்ணையே பார்த்தாள். அப்புறம் இரண்டடி முன்னால் வந்து, "தலையைத் தாங்கிப் பிடிப்பா" என்று பேத்தியை என் கையில் வைத்தாள். அழுதேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம். அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் யார் கேட்டும் கொடுக்கவில்லை.