கடைசிப் பாட்டுக்கு உட்கார்ந்தவர்

லிஃப்ட் மெக்கானிக்குக் கம்பெனியில் வைத்த பெயர் 'பசை'. மேனேஜர் உள்ளே வந்தால் மற்ற எல்லாரும் விசுக்கென்று எழுந்து நிற்பார்கள். இவர் மட்டும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டவர்போல் உட்கார்ந்திருப்பார். மரியாதையாகத்தான் பேசுவார், வேலையிலும் குறை இருக்காது, ஆனால் எழுந்திருக்க மாட்டார்.

எல்லாம் ஒரு பாட்டால் வந்த வினை. இருபத்திரண்டு வயதில் அவர் பைத்தியமாகப் பின்னால் சுற்றிய, அதிகாரத்தை எதிர்த்துக் கத்திப் பாடும் பங்க் ராக் குழுவின் பாட்டு அது: 'நீ வந்தால் நான் எழ மாட்டேன்'. ஒவ்வொரு கச்சேரியிலும் அதுதான் கடைசிப் பாட்டு. டிரம் தொடங்கியதும் கூட்டம் மொத்தமும் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார வேண்டும், அதுதான் அந்த ரசிகர்களின் வழக்கம். ஒருமுறை கச்சேரியை நிறுத்த வந்த போலீஸ்காரர்கள், உட்கார்ந்திருந்த இரண்டாயிரம் பேருக்கு நடுவில் யாரை அடிப்பது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார்கள். அன்றைக்கு மெக்கானிக்கின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவர் நண்பன், சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட எலக்ட்ரீஷியன்.

மற்றவர்கள் பாட்டைக் கச்சேரியோடு விட்டுவிட்டார்கள். இவர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஃபோர்மேன் பதவி மூன்று தடவை கைக்கெட்டும் தூரம் வந்து, பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் போனது. ஐம்பத்தாறு வயதிலும் லிஃப்ட்டுக்கு அடியிலிருக்கும் குழிக்குள் கிரீஸ் டப்பாவோடு இறங்குகிறார்.

"அந்தப் பாட்டுக்காரன் வாய்க்கு வந்ததப் பாடிட்டுப் போயிட்டான். நீங்கதான் அதப் புடிச்சிக்கிட்டுத் தொங்குறீங்க," என்பாள் மனைவி. "உங்களத் தவிர அத நெஜம்னு நம்புன ஒரு ஆளக் காட்டுங்க பாப்போம்."

கலைந்துபோய்ப் பதினெட்டு வருடம் கழித்து அந்தக் குழு மறுபடி மேடையேறும் செய்தி வந்ததும், அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் தனக்கும் அந்தச் சோடாபுட்டி நண்பனுக்குமாக இரண்டு டிக்கெட் வாங்கினார். பாட்டு கேட்பதெல்லாம் அப்புறம். கடைசியில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பத்துப் பேர் போதும். பத்துப் பேர் உட்கார்ந்தால், தான் ஒரு முட்டாள் இல்லை.

பாடகருக்குத் தொப்பை விழுந்திருந்தது. குரல் உடைந்திருந்தது. பங்க் ராக்குக்கு அது ஒரு குறையா என்ன? மேடைக்கு முன்னால் நின்று பார்க்கும் கூட்டத்தில் மெக்கானிக் தொண்டை கிழியக் கத்தினார், சோடாபுட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு குதிக்கவும் செய்தார். வருடக்கணக்கில் அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

கடைசிப் பாட்டுக்கு டிரம் அதிர்ந்தது. யோசிக்கவே இல்லை, சட்டென்று உட்கார்ந்துவிட்டார். யாரோ கொட்டிய குளிர்பானம் பேண்ட்டை நனைத்தது. சுற்றிலும் பார்த்தார். கால்கள், கால்கள், எங்கும் கால்கள். மேலே எல்லார் கையிலும் போன் வெளிச்சம். முதல் வரி போனது. இரண்டாவது வரியில் உட்காருவார்களாக்கும் என்று காத்திருந்தார். அதுவும் போனது.

"உக்காருடா!" என்று சோடாபுட்டியின் பேண்ட்டைப் பிடித்து இழுத்தார்.

"முட்டி தேஞ்சு போச்சுடா. நீ மொதல்ல எந்திரி, எல்லாரும் பாக்குறாங்க."

பக்கத்தில் நின்ற பெண் குனிந்து பார்த்துவிட்டு, "இங்க ஒருத்தர் மயங்கி விழுந்துட்டாரு!" என்று அலறினாள். கூட்டம் விலகியது. பாட்டு நின்றது. பாடகர் நெற்றியில் கை வைத்து, வெளிச்சத்தை மறைத்துப் பார்த்தார். மெக்கானிக் நன்றாகத் தெரியும்படி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று அந்த ஆளுக்குத் தெரியாமல் இருக்குமா?

"நான் மயங்கல! பாட்டுக்கு உக்காந்திருக்கேன்!" என்று மேடையைப் பார்த்துக் கத்தினார்.

"வழி விடுங்கப்பா, காத்து வரட்டும்!" என்றார் பாடகர் மைக்கில். "பெரியவரே, பயப்படாதீங்க. யாராவது அவரத் தூக்கி நிக்க வைங்க."

பாடகர் இவரைவிட எட்டு வயது மூத்தவர்.

முதலுதவிக்காரர் ஓடி வந்து, "என்ன பிரச்சன?" என்றார். மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் சோடாபுட்டி முந்திக்கொண்டான்: "சுகர் சார் இவனுக்கு."

சர்க்கரையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. நண்பனுக்கு மானம் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்தார்கள். உதறியிருக்கலாம். உடம்பைக் கனமாக்கிக்கொண்டு அப்படியே கிடந்திருக்கலாம். அத்தனை முகங்களும் பரிதாபமாகப் பார்ப்பதைப் பார்த்தார், எழுந்தார்.

அரங்கமே கை தட்டியது. பாடகர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, 'நீ வந்தால் நான் எழ மாட்டேன்' என்று முதலிலிருந்து தொடங்கினார்.

"இப்ப பரவால்லயா?" என்றான் சோடாபுட்டி, தண்ணீர் பாட்டிலை நீட்டி.

"ம், பரவால்ல."

மறுபடி உட்கார்ந்திருக்கலாம். காலுக்கு ஒன்றும் இல்லை, கல்லு மாதிரி இருந்தது. ஆனால் அவர் நின்றார். பாட்டு முடிகிறவரை எல்லாரையும்போல் நின்றுகொண்டிருந்துவிட்டு, முடிந்ததும் அவரும் கை தட்டினார்.