மண்ணாங்கட்டியின் மீசையும் மகாராஜாவின் மாலையும்

கீழ்பென்னாத்தூர் பேருந்து நிலையத்தில் வேர்க்கடலை வறுத்து விற்கும் மண்ணாங்கட்டிக்கு அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. அவருக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவதாவது எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி, தவிட்டுக்கு வாங்கி, இந்தப் பெயரை வைத்தார்கள். எமனும் ஏமாந்தான். ஐம்பத்தெட்டு வயது வரை அவருக்கு வந்தது ஒரு டைபாய்டு, இரண்டு தேள்கடி, அவ்வளவுதான்.

அவருடைய ஒரே ஆடம்பரம் மீசை. காது வரை போய்த் தொட்டுவிட்டுத் திரும்பும். அதற்குப் போகிற விளக்கெண்ணெயில் நாலு பிள்ளைக்குத் தலை வாரலாம் என்பாள் மனைவி காசியம்மாள்.

அந்த மீசைதான் வினையைக் கூட்டிவந்தது. திருவண்ணாமலையில் இளவரசன் என்பவர் கல்யாண மண்டபம் கட்டி அதற்கு வல்லாள மகாராஜாவின் பெயரை வைத்தார். பிள்ளை இல்லாத ராஜா அவர். அண்ணாமலையாரே மகனாக இருந்து மாசிக்கு மாசி அவருக்குத் திதி கொடுக்கிறார். அப்பேர்ப்பட்டவருக்கு வாசலில் ஆளுயரப் படம் வேண்டாமா? ராஜாவின் முகத்தை யார் பார்த்தார்கள்? படம் வரைய வந்த பிரசாத், கடலை வாங்கப் போன இடத்தில் மீசையைப் பார்த்துவிட்டு பஸ்ஸைக் கோட்டைவிட்டான்.

பன்னிரண்டு நாள் மண்ணாங்கட்டி அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு, குடையை வாளாகப் பிடித்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு வேளையும் பிரியாணி. மகாராஜாவுக்குக் கன்னம் உப்பலாக அமைந்தது அதனால்தான்.

காசியம்மாள் படத்தை முதலில் பார்த்தது அந்த மண்டபத்தில் நடந்த ஒரு வளைகாப்பில். கிரீடத்தையும் வாளையும் அவள் கவனிக்கவில்லை. கட்டிய புருஷன் நெற்றியில் குங்குமம், கழுத்தில் சந்தன மாலை, கீழே அணையா விளக்கு. செத்தவர் படத்துக்குச் செய்வது அத்தனையும் குறையில்லாமல் செய்திருந்தார்கள். பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டாள். பேருந்து நிலையத்தில் அவர் கடலை கிளறிக்கொண்டிருந்தார். கையைத் தொட்டுப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது.

மறுநாள் மண்டபத்துக்குப் போனாள்.

“தம்பி, அந்த மாலைய எடுத்துடுங்க. இவரு உசுரோட கீறாரு.”

“ராஜா போயி எழுநூறு வருசம் ஆவுதும்மா. மாலை இல்லாம வெச்சா ஊரு என்னை இன்னா சொல்லும்?”

“மூஞ்சி எங்க வூட்டுதுங்க.”

“மூஞ்சி உங்களுது. படம் மகாராஜாவோடது,” என்றார் இளவரசன். கொஞ்சமும் கோபமில்லாமல் காபியும் வரவழைத்தார். காசியம்மாள் அதைத் தொடவில்லை. பிரசாத்தைக் கேட்டதற்கு, முதலாளி சொன்னால் முகத்தை மாற்றித் தருவதாகச் சொன்னான். முதலாளி சொல்லவில்லை. மூன்று முறை போனாள். மூன்று முறையும் காபி வந்தது.

கடைசியில் வீட்டுக்கு வந்து மண்ணாங்கட்டியின் எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். அவர் அவளுக்கு அத்தை மகன்.

“உங்கம்மா குப்பையில போட்டு மறைச்சு வெச்ச உசுரு, மாமா. நீ கிரீடத்த வெச்சிக்கினு செவுத்துல ஏறி நிக்குற. எமனுக்கு அட்ரஸ் எழுதிக் குடுத்தா மாதிரி கீது.”

“அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?”

“படம் மாறலன்னா நீ மாறு.”

மண்ணாங்கட்டி அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் சாப்பிட்டார். பிறகு சலூனுக்குப் போனார். கடைக்காரர் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் கத்தியை வைத்தார்.

அந்தப் பக்கத்தில் கொள்ளி வைத்த மகன்தான் மீசையை எடுப்பான். பேருந்து நிலையமே துக்கம் விசாரித்தது. அப்பா போய் முப்பது வருஷம் ஆகிறதே, இப்போது யார் என்று கேட்டார்கள். அவர் கடலையைக் கிளறினார். காசியம்மாள்தான் பதில் சொன்னாள்.

“வல்லாள மகாராஜா. அவருக்குத்தான் புள்ள இல்லியே.”

மாசியில் அதே மண்டபத்தில் ஒரு கல்யாணம். வாசலில் படத்தையும் மண்ணாங்கட்டியையும் சேர்த்துப் பார்த்த யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. காசியம்மாள் மட்டும் நின்று, கோணலாக இருந்த சந்தன மாலையை எக்கி நேராக்கினாள். விளக்குக்கு எண்ணெய் குறைவாக இருப்பதாக இளவரசனிடம் சொன்னாள்.

மண்ணாங்கட்டி படத்திலிருந்த மீசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பந்திக்குக் கூப்பிட்டதும் போனார்.