கராச்சி அக்காவைப் பார்க்க லண்டனுக்கு

நவம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.40. ஹீத்ரோ விமான நிலையத்தில் குடியேற்ற மேசையில் இருந்த பெண், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அக்காவைப் பார்க்க என்றேன். அக்கா லண்டனில் வசிக்கிறாரா என்றார். இல்லை, அவரும் என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்றேன். எங்கிருந்து என்று அடுத்த கேள்வி. கராச்சி என்றதும் என் இந்தியக் கடவுச்சீட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஒருமுறை புரட்டினார். பிறகு ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்திக் கொடுத்தார்.

வாசகர்களுக்கு இதை விளக்கிவிட வேண்டும். எங்கள் ஊர் பரமக்குடி. அத்தையின் கணவர் வெள்ளைக்காரன் காலத்தில் கராச்சித் துறைமுகத்தில் வேலைக்குப் போனவர். அப்போது எல்லாம் ஒரே நாடு. பம்பாய்க்குப் பிழைக்கப் போவது போலத்தான் கராச்சிக்குப் போவதும். நாடு இரண்டானபோது அவர் திரும்பவில்லை. அத்தையும் அங்கேயே தங்கிவிட்டார். அத்தை மகன் முருகேசனுக்கு என் அக்கா செல்வியைக் கட்டிக் கொடுத்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. இரு நாடுகளுக்கும் பகை இருந்தாலும் அந்தக் காலத்தில் விசா கிடைத்துக்கொண்டிருந்தது. அக்கா போய் நாற்பத்திரண்டு ஆண்டுகள். அதில் மூன்று முறைதான் ஊருக்கு வந்தாள். கடைசியாக வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அம்மா இறந்தபோது வர முடியவில்லை.

இப்போது நிலைமை இன்னும் மோசம். இரண்டு தலைநகரங்களிலும் தூதர் என்று ஒருவர் இல்லாமலே சில ஆண்டுகளாகின்றன. கடைசியாக நடந்த சண்டைக்குப் பிறகு எல்லை வாசலை மூடினார்கள், விசா நின்றது, ஒருவர் வானத்தில் இன்னொருவர் விமானம் பறப்பதில்லை. தபாலும் நின்றுபோனது. முப்பத்தாறு ஆண்டுகள் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இத்தனை சண்டைகளுக்கு நடுவிலும் தாமதமாகவாவது வந்துகொண்டிருந்த அக்காவின் கடிதம் ஒரேயடியாக நின்றதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அக்காவின் மகள் கல்பனா லண்டனில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். அம்மாவைத் தன்னிடம் வரவழைக்கப் போகிறேன், நீங்களும் வந்துவிடுங்கள் மாமா என்று அவள்தான் சொன்னாள். விசாக் கட்டணம் 127 பவுண்டு. அக்கா தோஹா வழியாக, நான் மும்பை வழியாக. பரமக்குடிக்காரர்கள் இருவர் ஒருவரை ஒருவர் பார்க்க, சேர்ந்து பதினான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டியிருந்தது.

மாலை 3.30. கல்பனா குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் குணம் அண்ணை வெளியே காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபத்தைந்து வயது, வாடகைக் கார் ஓட்டுகிறார். வீடு இருக்கும் நோர்பரி வரை அறுபது பவுண்டு என்று முன்பே பேசியிருந்தோம். நம் கணக்கில் ஏழாயிரம் ரூபாய். நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. மழை பெய்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு ஈரம் கண்ணாடியில் படிந்துகொண்டே இருந்தது. வீட்டுக்கு முன் காரை நிறுத்தியபோது, “அக்கா காலமையிலையிருந்து ஜன்னலடியிலைதான் நிக்கிறா” என்றார்.

கதவைத் திறந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. என் நினைவில் இருந்த அக்கா உயரமானவள். இவள் என் தோளுக்குத்தான் வந்தாள். சல்வார் கமீஸுக்கு மேல் கல்பனாவின் குளிர் கோட்டைப் போட்டிருந்தாள். “தலையெல்லாம் நரைச்சுப் போச்சேடா” என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும்தான் அக்கா என்று உறைத்தது. அவள் தமிழில் ஊர் வாடை அப்படியே இருந்தது. நடுநடுவே மட்டும் ‘அச்சா’ என்றாள்.

புதன், வியாழன். இரண்டு நாளும் வெளியே போகவில்லை. மாடியில் ஒரு படுக்கையறை, ஒரு சிறு கூடம். கல்பனா காலை ஆறரைக்கு ஷிப்டுக்குப் போய்விடுவாள். நாங்கள் இருவரும் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, இறந்துபோனவர்களின் பட்டியலை முடித்தோம். அத்தான் இறந்து ஒன்பது மாதம் ஆகிறது. அதைத் தொலைபேசியில் கேட்டேன்; போக முடியவில்லை.

திருமணத்துக்குப் பிறகு அத்தானை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகள் கழித்து வந்தார். விசாவில் எந்தெந்த ஊருக்குப் போகலாம் என்று எழுதியிருக்கும். அந்த முறை அவருக்குச் சென்னை மட்டும்தான் எழுதியிருந்தது. போலீஸ் நிலையத்தில் வந்தேன் என்றும் போகிறேன் என்றும் பதிய வேண்டும். அவர் அம்மா பிறந்த ஊர் அவரைப் பார்க்க ரயிலேறிச் சென்னைக்கு வந்தது. ராமேஸ்வரம் கடலைப் பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்தோம். பதில் வருவதற்குள் நாள் முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை, காலை 9.15. அக்கா என்னை ஓர் இடத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். நோர்பரியிலிருந்து விக்டோரியாவுக்கு ரயில், அங்கிருந்து பேருந்து. பேருந்துக்கு ஆளுக்கு ஒன்றே முக்கால் பவுண்டு. போன இடம் இந்திய விசா விண்ணப்பம் வாங்கும் அலுவலகம். பை நிறையக் காகிதம் வைத்திருந்தாள்: பள்ளிச் சான்றிதழ், பரமக்குடியில் நடந்த திருமணத்தின் பத்திரிகை, அம்மாவின் இறப்புச் சான்றிதழ் நகல். சன்னலுக்குப் பின்னால் இருந்த இளைஞன் மரியாதையாகத்தான் பேசினான். பாகிஸ்தான் கடவுச்சீட்டுக்கு இப்போது விண்ணப்பமே வாங்குவதில்லை என்றான். எப்போது வாங்குவார்கள் என்று கேட்டேன். தெரியாது என்றான். அக்கா பத்திரிகையை எடுத்துக் காட்டினாள். அதில் மஞ்சள் தடவிய ஓரம் இன்னும் இருந்தது. அவன் அதைத் தொடாமல் பார்த்துவிட்டு, மன்னிக்க வேண்டும் அம்மா என்றான்.

வெளியே வந்து ஒரு கடையில் தேநீர் குடித்தோம். ஒரு கோப்பை மூன்று பவுண்டு இருபது பென்ஸ். அக்கா பாதிதான் குடித்தாள்.

அன்று மாலை, அவள் பெட்டியின் அடியிலிருந்து சிவப்புத் துணியில் கட்டிய ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். அத்தானின் சாம்பல். ஒன்பது மாதம் கராச்சியில் சுடுகாட்டு அறையின் அலமாரியில் இருந்ததாம். அங்கே அப்படி எத்தனையோ டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி, விசா வரும் என்று காத்திருக்கின்றனவாம். இறப்புச் சான்றிதழையும் தகனச் சீட்டையும் உருதுவிலும் ஆங்கிலத்திலும் முத்திரையோடு வாங்கி வைத்திருந்தாள்.

“நான் போயிடலாம்னுதான் இன்னைக்கு அங்க கேட்டேன். ஆகலை. நீ கொண்டுபோயி ராமேஸ்வரத்துல கரைச்சுடுடா. அவரு வேற எதுவும் கேட்டதில்லை” என்றாள்.

சரி என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் அக்கா என்றேன்.

சனிக்கிழமை, காலை 11.00. ஊரில் மாலை நாலரை. என் மகனிடம் பேசினேன். அவன் ஓசூரில் ராணுவத்துக்கு உதிரிப்பாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் இன்ஜினியர். வேலைக்குச் சேர்வதற்கு முன் போலீஸ் விசாரணை நடந்தபோதே, பாகிஸ்தானில் அத்தை இருக்கிறார் என்பதால் நான்கு மாதம் இழுத்தார்கள். நான் லண்டனுக்குக் கிளம்பியதே அவனுக்குப் பிடிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

“அப்பா, அந்த ஊரு முத்திரை போட்ட காகிதம் எதுவும் உங்க பையில இருக்கக் கூடாது. ஏர்போர்ட்ல எடுத்துப் பார்த்தா என்ன பதில் சொல்லுவீங்க? எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்குப்பா” என்றான்.

காகிதம் இல்லாமல் சாம்பலைக் கொண்டுபோகவும் முடியாது. அவன் சொன்னது அத்தனையும் நியாயமாகத்தான் பட்டது. அப்படிப் பட்டதுதான் எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மகனுக்காக என்று நான் சொல்லிக்கொண்டாலும், மும்பையில் தனி அறைக்குள் என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் காட்சிதான் முந்தின நாளிலிருந்து என் கண்ணில் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, காலை 10.20. விம்பிள்டனில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போகலாம் என்றாள் கல்பனா. நோர்பரியிலிருந்து குரொய்டனுக்கு 109ஆம் எண் பேருந்து, அங்கிருந்து டிராம். ஒரு மணி நேரத்துக்குள் மாறி ஏறினால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். டிராம் வீடுகளின் பின்பக்கமாகவே ஓடியது. நனைந்த வேலிகள், துருப்பிடித்த சைக்கிள்கள், இலை உதிர்ந்த மரங்கள். மிச்சம் என்ற நிறுத்தத்தைத் தாண்டிய பிறகு அக்காவிடம் சொன்னேன். மகனின் வேலை, பேரப்பிள்ளைகள், காகிதத்தில் இருக்கும் முத்திரை என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போதும்டா. நீ பயப்படுறது தப்பில்லை. நானும் அங்க பயந்து பயந்துதான் இருக்கேன்” என்றாள்.

எதிர் இருக்கையில் இருந்த கல்பனா தன் கைபேசியிலிருந்து நிமிரவே இல்லை. கோயிலில் பிரசாதம் வாங்கும் வரிசையில் நின்றபோது, “அம்மா ஒன்பது மாசமா அந்தச் சுடுகாட்டு அறைக்குப் போய் டப்பாவுக்கு முன்னாடி விளக்கு ஏத்தி, தம்பி எடுத்துட்டுப் போவான்னு சொல்லிட்டிருந்தாங்க மாமா” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை, காலை 8.00. அக்காவின் முடிவுப்படி, சாம்பலை ஆற்றில் கரைக்கக் குணம் அண்ணையின் காரில் கிங்ஸ்டனுக்குப் போனோம். ஒன்பது மைல். தேம்ஸ் நதி அங்கே நகரத்துக்குள் இருப்பதைவிட ஒடுங்கி இருக்கிறது. கரையில் படகுகளைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டியிருந்தார்கள். அன்னங்கள் கரையோரச் சேற்றில் நின்றன. குணம் அண்ணை முதலில் இறங்கிப் படிகளைப் பார்த்துவிட்டு வந்தார்.

“வழுக்கும், என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இறங்குங்கோ. எங்கடை ஆக்கள் ஊரிலை கீரிமலைக் கடலுக்குத்தான் கொண்டு போறவை. அப்பா இஞ்ச செத்துப்போன நேரம் எனக்கு ஊருக்குப் போகேலாது, பேப்பர் இல்லை. இந்தப் படியிலைதான் விட்டனான்” என்றார்.

அக்கா கடைசிப் படியில் உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள். மந்திரம் சொல்ல ஆள் இல்லை. தனக்குத் தெரிந்த தேவாரத்தில் இரண்டு வரியைக் குணம் அண்ணை சொன்னார். நான் கைகொடுக்கக் குனிந்தேன். வேண்டாம் என்பது போல அக்கா தலையை அசைத்தாள். மகளும் அவளும் சேர்ந்து டப்பாவைக் கவிழ்த்தார்கள். சாம்பல் உடனே கரையவில்லை. படித்துறையை ஒட்டிச் சற்று நேரம் மிதந்து, ஒரு அன்னத்தின் அருகே போய்ச் சுற்றி, பிறகு நடு ஆற்றுக்கு நகர்ந்தது. எத்தனையோ பேரின் சாம்பலை ராமேஸ்வரத்தில் கரைக்கக் கூடப் போனவன் நான். அன்று கைகட்டி மேல்படியில் நின்றிருந்தேன்.

திரும்பும் வழியில் அக்கா முன்னிருக்கையில் தூங்கிப்போனாள். அவள் அப்படித் தூங்கியதை இத்தனை நாளில் அன்றுதான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை, காலை 7.10. என் விமானம் பன்னிரண்டு மணிக்கு. அக்கா இன்னும் மூன்று வாரம் இருப்பாள். விமான நிலையத்துக்கு வருகிறேன் என்றவளை, குளிரில் வேண்டாம் என்று நான் தடுத்தேன். வாசலில் நின்று என் கோட்டுப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். மறுபடி எப்போது என்று இருவருமே கேட்கவில்லை. எனக்கு அறுபத்தொன்று, அவளுக்கு அறுபத்து நான்கு. விசா மறுபடி கொடுக்கத் தொடங்கி, அதில் ஊர்ப் பெயர் எழுதி, போலீஸ் நிலையத்தில் பதிந்து, பிறகு ரயிலேற எவ்வளவு காலம் வேண்டும் என்று இருவருக்கும் தெரியும்.

போய்ப் பார்த்தவன் என்ற முறையில் லண்டனைப் பற்றி வாசகர்களுக்கு நான் சொல்லக் கூடியது கொஞ்சம்தான். கோபுரங்களையோ அரண்மனையையோ பார்க்கவில்லை. ஆனால் அங்கே நோர்பரியின் கடைத்தெருவில் பரமக்குடிக்காரனும் கராச்சிக்காரியும் ஒரே கடையில் முருங்கைக்காய் வாங்கினோம். யாரும் எங்களை எந்த ஊர் என்று கேட்கவில்லை. எங்கள் இருவரின் நாடுகளிலும் அது நடக்காது.

மும்பையில் இறங்கினேன். பெட்டியை எடுத்துக்கொண்டு, சுங்கத்தில் அறிவிக்க எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் நடந்தேன். எனக்கு முன்னால் போனவர்களையும் யாரும் நிறுத்தவில்லை, என்னையும் நிறுத்தவில்லை. நாற்பது அடி தூரம் இருக்கும். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. வெளியே வந்ததும் மகன் கூப்பிட்டான்.

“ஒரு பிரச்சனையும் இல்லையேப்பா?” என்று கேட்டான்.

இல்லை என்றேன்.