விரற்கடை கூடியிருந்த தண்ணீர்

அந்தச் சித்திரையில் நான் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். வீடு ராஜபாளையத்தில், வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு ரத்தப் பரிசோதனை லேபில். கார் என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு மாற்றிக் கட்டியது. கோயம்புத்தூரில் ஆள் பிடித்து, இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிற சூப்பர்சார்ஜரை அதில் ஏற்றினார். நாலு மாதம் ஆசை தீர ஓட்டினார். பிறகு மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

அமுக்கிய காற்று கொதிக்கும். அதை ஆற்றுவதற்கென்று முன்னால் ஒரு சின்ன ரேடியேட்டர் வைத்திருந்தார்கள். பெரிய ரேடியேட்டருக்கு வர வேண்டிய காற்று அதைத் தாண்டித்தான் வரவேண்டும். மழைக்காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏறியதும், ரயில்வே கேட்டில் செத்த நேரம் நின்றால் போதும், சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கி ஏற ஆரம்பித்துவிடும். ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திறந்தால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் என் முகத்துக்கு வந்துவிடும், முள் இறங்கும். லேபுக்குள் நுழையும்போது குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்தவள் மாதிரி இருப்பேன்.

போனில் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"மிதிச்சு ஓட்டுதியோ?" என்றார்.

"இந்த ரோட்டுல மிதிக்க எங்க இடம் இருக்கு?"

"வேற யாருக்கும் வண்டியக் குடுத்தியா?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதுதான் எனக்குள்ளும் ஒரு விதையைப் போட்டது. யாரோ என்னவோ செய்கிறார்கள்.

முதலில் சந்தேகப்பட்டது மெக்கானிக் பாயை. லேபுக்குப் பின் தெருவில் அவர் பட்டறை. போன மாதம்தான் அவரிடம் விட்டு, இன்ஜினை ஆற்றும் கூலன்டில் பழையதை இறக்கிப் புதுசு ஊற்றியிருந்தேன். இப்போது பானெட்டைத் திறந்து பார்த்தவர், "எங்கயோ ஒழுகுது தங்கச்சி. ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க. சூப்பர்சார்ஜரக் கழட்டி வச்சுட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். அப்போது அங்கே நின்றிருந்த ஒரு ஆள் குனிந்து சூப்பர்சார்ஜரைத் தொட்டுப் பார்த்து, "இது வெலைக்கு வருமா?" என்று பாயிடம் கேட்டான். என்னிடம் கேட்கவில்லை, பாயிடம் கேட்டான். ரெண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. வண்டியை விடாமல் எடுத்து வந்துவிட்டேன்.

வீட்டில் கார் நிற்கும் தரை காய்ந்து கிடந்தது. கூலன்ட் தொட்டியில் அளவும் குறையவில்லை. ஒழுகுகிறது என்று அவர் சொன்னது பொய் என்பதற்கு வேறென்ன வேண்டும்? வேலையே பரிசோதிப்பதுதான் எனக்கு. மறுநாள் காலை, இன்ஜின் ஆறியிருக்கும்போது, தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து, சிறுநீர் சாம்பிள் வாங்கும் டப்பாவில் லேபுக்குக் கொண்டுபோனேன். பச்சையாக இருக்க வேண்டியது வெளிறிப்போயிருந்தது. விரலில் தேய்த்தால் வழுவழுப்பே இல்லை. கண்ணாடித் துண்டில் நாலு சொட்டு விட்டுச் சூடு காட்டினேன். வெள்ளையாக உப்புப் பூத்தது. எங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் படியுமே, அதே உப்பு.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவோடு காரையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். நாலைந்து பேர் இருந்தார்கள். யோசிக்கவில்லை.

"கூலன்டுன்னு சொல்லிக் கொழாத் தண்ணிய ஊத்திருக்கீங்க பாய்."

அவர் டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் சிவந்தது, ஆனால் குரலை உயர்த்தவில்லை. உள்ளே போய்ப் புது கேன் ஒன்றை எடுத்து வந்து, மூடி முத்திரையை என் கண் முன்னால் உடைத்து, தொட்டியில் இருந்ததை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பச்சையை ஊற்றினார். "ஒங்க பேனாவாலேயே கோடு போடுங்க. நான் ஊத்துனது எங்க போவுது, இந்தத் தண்ணி எங்கருந்து வருதுன்னு ஒங்க வீட்டுல பாருங்க."

ட்யூபில் பேர் எழுதும் மார்க்கரால் கோடு போட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து இன்ஜின் ஆறியபின் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஆக, பாய் சொன்ன மாதிரி எங்கேயோ ஒழுகத்தான் செய்கிறது. ஆனால் மறுநாள் காலையில் மறுபடி பார்த்தேன். கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. பச்சை வெளிறியிருந்தது.

கார் நின்றது எங்கள் காம்பவுண்டுக்குள். கேட் பூட்டியிருந்தது. வீட்டில் நானும் என் மாமனாரும்தான். மாடியில் குடியிருப்பவரை நினைத்தேன். பால்காரரை நினைத்தேன். சூப்பர்சார்ஜர் ஏற்றிய கோயம்புத்தூர்க்காரன் ஆள் அனுப்புகிறானோ என்றுகூட நினைத்தேன். மாமாவை நினைக்கவே இல்லை.

மறுநாள் விடியும் முன்பே எழுந்து சமையலறை ஜன்னலோரம் நின்றேன். மாமா வந்தார். கையில் செம்பு. காம்பவுண்டுக்குள்தானே என்று நான் பூட்டாமல் விட்டிருந்த காரின் கதவைத் திறந்து உள்ளே லீவரை இழுத்தார். பானெட்டைத் தூக்கி, கம்பியை முட்டுக் கொடுத்து, துண்டால் மூடியைப் பிடித்துத் திருகினார். கண் சரியாகத் தெரியாததால் தொட்டியின் வாயில் ஒரு விரலை விட்டு அளவு பார்த்துக்கொண்டே ஊற்றினார்.

"மாமா!"

செம்பு குலுங்கித் தண்ணீர் சிந்தியது. "வா தாயி. தண்ணி பாக்காம வண்டிய எடுக்கப்பிடாது."

"எத்தன நாளாச் செய்தீங்க?"

"அவன் ஊருக்குப் போனதுலருந்து. மொதல்ல எப்பவாச்சும்தான் கொறையும். இப்பம் தெனமும் கொறையுது. நீ அம்புட்டுத் தூரம் போய் வாரீயே."

மாமா அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கண்ணில் புரை வந்தபின் மகன் சாவியை அவர் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டார். எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் கையிலிருந்த செம்பைப் பார்த்தேன். மெதுவாகத்தான் சொன்னேன். இந்த வண்டிக்கு வெறும் தண்ணீர் ஆகாது, உப்புப் படிந்து குழாய் அடைக்கும், சீக்கிரம் கொதித்துவிடும் என்று. அவர் செம்பைக் கவிழ்த்து வைத்தார்.

"பச்சத் தண்ணிய காசுக்கு விக்கிறவன் அப்படித்தான் சொல்லுவான்" என்றார். அன்று காலை அவர் சாப்பிடவில்லை.

பட்டறைக்குப் போனேன். முந்தாநாள் இருந்தவர்களில் ரெண்டு பேர் அன்றும் இருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியே சொன்னேன்: "பாய், தப்பு என்மேல. எங்க மாமாதான் தெனமும் தண்ணி ஊத்திருக்காவ."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "அவிய ஊத்தலைன்னா நீங்க நடுரோட்டுல நின்னுருப்பீங்க. ஊத்துனதுனாலதான் ஒழுகுறது வெளிய தெரியாமப் போச்சு. இப்பமாவது வண்டிய விட்டுட்டுப் போறீங்களா?"

விட்டுவிட்டுப் போனேன். அன்றைக்கு மட்டும் மூன்று தடவை ஏதோ சாக்குச் சொல்லிப் பட்டறைப் பக்கம் நடந்து பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். சூப்பர்சார்ஜர் ஒரு துணி விரித்த பெஞ்சின் மேல் பத்திரமாக இருந்தது. ரேடியேட்டரின் அடிக்குழாயில் ஒரு கிளிப் தளர்ந்திருந்தது. இன்ஜின் சூடேறி அழுத்தம் கூடும்போது மட்டும் கசியும். இன்ஜினுக்கு அடியில் உள்ள தகட்டில் விழுந்து அங்கேயே காய்ந்துவிடும். அதனால்தான் தரையில் ஈரம் இல்லை. கிளிப்பை மாற்றினார். உப்பைக் கழுவினார். சின்ன ரேடியேட்டரைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பெரியதற்குக் காற்று வர வழி விட்டார்.

"உச்சி வெயில்ல ஏசியப் போட்டு ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிளவக்கல் அணை வரைக்கும் போனேன். மாமாவையும் கூப்பிட்டேன். ரெண்டு நாளாகப் பேசாமல் இருந்தவர், சட்டை மாட்டிக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். வத்திராயிருப்பு தாண்டியதும் கேட்டார்.

"முள்ளு எங்க நிக்கி?"

"பாதில மாமா."

"பொய் சொல்லுத."

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். பெல்ட்டைக் கழற்றி, என் பக்கம் சாய்ந்து, மீட்டருக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். ஏசிக் காற்றில் அவர் நரைத்த முடி ஆடியது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "சரி, போ" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது.

"என்ன கோளாறாம்?"

"ஒரு கிளிப் தளந்துருச்சு."

"அம்புட்டுதானா? நீ எதையோ மறைக்க."

"அம்புட்டுதான்."

டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு என் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்த மாமா, ரிமோட்டைத் தடவி எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.